வாசகர் கேள்வி – பதில்: தூண் ஏன் சாய்கிறது, கோபுரம் ஏன் இடுப்பு சிறுத்திருக்கிறது?

கேள்வி: எங்கள் ரயில் நிலையத்தின் தூண்களை எத்தனை முறை எடுத்தாலும் அவை பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோலவே படத்தில் வருகின்றன. கைப்பேசியில்தான் குறையா? (வாசகர், ராயபுரம்)

பதில்: கைப்பேசியில் குறை இல்லை, தூண்களின் தலைப்பகுதியும் தெரியவேண்டும் என்று நீங்கள் அதை அண்ணாந்து பிடிப்பதுதான் காரணம். கேமராவின் முகம் சுவருக்கு நேர் இணையாக நிற்கும்வரை தூண்களும் இணையாகவே பதியும்; சற்று மேல்நோக்கிச் சாய்த்தாலும், தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல, அவை உச்சியில் நெருங்கத் தொடங்கும். இயன்றவரை பின்னால் நகர்ந்து கேமராவை நிமிர்த்துங்கள். கீழே மிகுதியாகத் தெரியும் தரையைப் பிறகு வெட்டிவிடலாம். மென்பொருளிலும் தூண்களை நிமிர்த்தலாம், ஆனால் அப்போது படத்தின் ஓரங்கள் பறிபோகும். 1856இல் ஆற்காட்டை நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட கட்டடம் அது. அதைக் குடித்தவர்போல் தள்ளாடவைப்பது நியாயமில்லை.

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் நின்றால் வடக்கே அனல்மின் நிலையத்தின் பெரிய கோபுரங்கள் தெரிகின்றன. அவற்றுக்கு ஏன் இடுப்பு சிறுத்திருக்கிறது? அவற்றைப் படமெடுப்பதில் அழகு என்று ஏதேனும் உண்டா? (வாசகர், கத்திவாக்கம்)

பதில்: இரண்டாவது கேள்வியை நானும் பல ஆண்டுகள் என்னிடமே கேட்டிருக்கிறேன். முதலில் வடிவத்தைப் பார்ப்போம். ஒரு பிடி தென்னை ஈர்க்குகளை இரு கைகளிலும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் நடுப்பகுதி ஒடுங்கி இரு முனைகளும் விரியும். ஆனால் ஒவ்வொரு ஈர்க்கும் நேராகவே இருக்கும். குளிர்விப்புக் கோபுரத்தின் வளைவும் அப்படி நேர்கோடுகளால் ஆனதுதான். அதனால்தான் நூறு மீட்டருக்கு மேல் உயரும் ஒரு கோபுரத்தின் கான்கிரீட் ஓடு, மெல்லிய இடங்களில் ஒரு சாண் பருமன்கூட இல்லாமல், காற்றைத் தாங்கி நிற்க முடிகிறது. உள்ளே, மின் நிலையத்திலிருந்து வரும் வெந்நீரைத் தூவுகிறார்கள். அடியில் திறந்திருக்கும் கால்களின் வழியே நுழையும் காற்று சூடேறி, விசிறி எதுவும் இல்லாமல் தானே மேலெழுந்து நீரைக் குளிர்விக்கிறது. எனவே அதன் வாயிலிருந்து வெளிவருவது நீராவி. புகை வருவது பக்கத்தில் நிற்கும் ஒல்லியான புகைபோக்கியிலிருந்து. இவ்வடிவத்துக்கு நெதர்லாந்தைச் சேர்ந்த வான் இட்டர்சன், கைப்பர்ஸ் என்னும் பொறியாளர்கள் 1918இல் காப்புரிமை பெற்றார்கள்.

அழகைப் பற்றி ஜெர்மனியின் புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதியர் ஒரு பதில் வைத்திருந்தார்கள். 1959 முதல் பல பத்தாண்டுகள் அவர்கள் நீர்த்தொட்டிகள், சுண்ணாம்புச் சூளைகள், குளிர்விப்புக் கோபுரங்கள் போன்ற தொழில்துறைக் கட்டுமானங்களை, நிழல் விழாத மேகமூட்டமான நாள்களில், ஒரே மாதிரி நேர்முகமாக எடுத்து, கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டினார்கள். 1990இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்த பரிசு சிற்பத்துக்கானது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் வானம் அவர்களுடைய வானத்தைப் போலவே சாம்பல் பூத்துக் கிடக்கும்; அப்போது முயன்று பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் நான் அவர்களோடு முரண்படுவேன்: அவர்கள் படத்தில் மனிதர்கள் வருவதில்லை. எண்ணூரிலோ இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்களை நீக்கிவிட்டால், கோபுரம் எவ்வளவு பெரியது என்பதும் தெரியாது, அது யாருடைய நீரில் நிற்கிறது என்பதும் தெரியாது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். லென்ஸை உடனே துடையுங்கள்; என்னுடைய ஒரு லென்ஸ் அந்த உப்புக்காற்றுக்கே இரையானது.

கேள்வி: இதையே ட்ரோன் பறக்கவிட்டு எடுக்கலாமா? (வாசகர், மணலி)

பதில்: துறைமுகமும் மின் நிலையமும் உள்ள பகுதி, உரிய அனுமதி இல்லாமல் வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருவிலுள்ள பழைய கிடங்கின் நீண்ட சுவர் ஒரே படத்தில் அடங்குவதில்லை. பனோரமாவில் எடுத்தால் வில்லாக வளைந்துவிடுகிறது. (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: பனோரமாவில் நீங்கள் ஒரே இடத்தில் நின்று திரும்புகிறீர்கள், அதனால் நடுப்பகுதி அருகிலும் ஓரங்கள் தொலைவிலும் அமைந்து சுவர் வளைகிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை எடுக்கும்போது இதே சிக்கலைச் சந்தித்தார். அவர் திரும்பவில்லை, நகர்ந்தார்: சுவருக்கு இணையாகக் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 21 படங்கள் எடுத்து ஒட்டினார், நீளம் சுமார் 19 அடி. நீங்களும் சுவரிலிருந்து ஒரே தொலைவில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு இரண்டு தப்படியாக நகர்ந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தழுவுமாறு எடுங்கள். தெருவில் லாரிகள் வந்து நிற்பதற்கு முன், விடியற்காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.