ஊர்க் கல்லூரியா, கோவை ஹாஸ்டலா?

கேள்வி: கரூரில் ஒரு டெக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் மாதம் 24,000 ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த என் மகள் பிளஸ் டூவில் 531 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். இங்கேயே அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்துவிட்டது. அவளுக்கோ கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். படிக்க ஆசை. கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம். என்னிடம் ஆர்.டி. பணம் 2.1 லட்சம் இருந்தது. அதில் 25,000 அட்வான்ஸும் கட்டிவிட்டேன். மீதிக்குக் கல்விக் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணத்தை உங்கள் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

மூன்று ஆண்டுக்கு 6 லட்சம் தேவை. உங்கள் பணம் போக 3.9 லட்சம் கடன். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கமாட்டார்கள், உங்கள் கையெழுத்தே போதும். அதனால்தான் இது சுலபமாகத் தெரிகிறது. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும் தவணை இல்லை, சரி. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். 10% தனிவட்டி, ஆண்டுக்கு 1.3 லட்சம் வீதம் வாங்குகிறீர்கள் என்று வைத்தால், தவணை தொடங்கும்போது கடன் 5.07 லட்சமாகியிருக்கும். ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 8,400 ரூபாய். முதல் வேலையில் அவளுக்கு 18,000 கிடைத்தால் கிட்டத்தட்ட பாதி இதற்கே போய்விடும். கடன் முடியும்போது அவளுக்கு 28 வயது ஆகியிருக்கும்.

வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசே வட்டியைக் கட்டும் என்று யாராவது சொல்வார்கள். அந்த மானியம் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது, பி.காமுக்கு அதை நம்பி இறங்காதீர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குத் தமிழக அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் எங்கே படித்தாலும் வரும். அதனால் அதை இரண்டு பக்கமும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டு இடத்திலும் கிடைப்பது பி.காம்.தான். அந்த 6 லட்சம் கூடுதலாக என்ன வாங்கித் தருகிறது என்பதே கேள்வி. கல்லூரி பஸ்ஸில் ஒட்டியிருக்கும் பிளேஸ்மென்ட் போஸ்டரை விடுங்கள். போன வருடம் பி.காம். முடித்த எத்தனை பேருக்கு, எந்தக் கம்பெனியில், என்ன சம்பளத்துக்கு வேலை கிடைத்தது என்று அங்கே படிக்கும் இறுதியாண்டு மாணவிகள் இரண்டு பேரிடம் கேட்கச் சொல்லுங்கள். நல்ல பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் கம்பெனியில் ஏற்றுமதி டாக்குமென்டேஷன் பார்ப்பவரிடமும் பேசிப் பாருங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) இதெல்லாம் வகுப்பறையில் மேலோட்டமாகத்தான் வரும். கரூரில் இருக்கிற பெண்ணுக்கு இதைக் கற்றுக்கொள்ள ஊரே பள்ளிக்கூடம். ஆர்.டி. பணத்தில் ஒரு லேப்டாப், டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜி.எஸ்.டி. பயிற்சி, நல்ல ஆங்கிலப் பேச்சு வகுப்பு என்று 60,000, 70,000 வரை தாராளமாகச் செலவு செய்யுங்கள். அரசுக் கல்லூரியில் டியூஷன் ஃபீஸ் கிடையாது, சில்லறைக் கட்டணங்கள்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை.

அப்புறம், வெளியூர் ஆசை. அதை வீண் ஆசை என்று நான் சொல்லமாட்டேன். பதினேழு வயதில் வீட்டை விட்டு வெளியே போய் வாழக் கற்பதும் படிப்புதான். ஆனால் அதை மூன்று வருடம் தள்ளிவைக்கலாம். பி.காமில் 55% எடுத்தால் ஃபவுண்டேஷன் தேர்வு இல்லாமலே சி.ஏ. இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். இரண்டு குரூப்பும் தேறினால் இரண்டு ஆண்டு ஆர்ட்டிக்கிள்ஷிப், அதாவது ஒரு ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி. அதைக் கோவையிலோ சென்னையிலோ செய்யலாம், ஸ்டைபண்டும் வரும். பெரிய தொகையாக இருக்காது, ஆனாலும் அவள் சம்பாத்தியம். சி.ஏ. கடினமான பாதை, பலரும் நடுவில் விட்டுவிடுகிறார்கள். அது சரிவராவிட்டால் எம்.பி.ஏ.வுக்கு நல்ல கல்லூரியாகப் பார்த்து வெளியே அனுப்புங்கள். மிச்சமிருக்கும் பணம் அதற்கு உதவும்.

கட்டிய 25,000-க்காக 6 லட்சத்தைத் துரத்த வேண்டாம். சேர்க்கையை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியே இருக்கிறது, தேதி தள்ளத் தள்ளத் திரும்பி வரும் தொகை குறையும். அசல் சான்றிதழ்களையும் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. இந்த வாரமே ரத்து கடிதத்தை எழுதிக் கொடுத்து, நகலில் கல்லூரி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.