சி டிரைவில் எடுத்த 60 ஜிபி உபுண்டுவோடு சேர மறுப்பது ஏன்? ரெண்டையும் ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் திருவாரூரில் படிக்கிறார். 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப், விண்டோஸ் 11, கூடவே உபுண்டு என்ற லினக்ஸ். உபுண்டுவில் இடம் தீர்ந்துபோனதால் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி எடுத்திருக்கிறார். அது கறுப்புப் பட்டையாக ‘அன்அலோகேட்டட்’ என்று தெரிகிறது. ஆனால் பார்ட்டிஷன்களின் (வட்டைப் பிரித்த பகுதிகளின்) அளவை மாற்றும் ஜிபார்ட்டட் நிரலில் உபுண்டு பார்ட்டிஷனைப் பிடித்து இழுத்தால் அசைய மாட்டேன் என்கிறதாம். கடையில் கேட்டதற்கு, ‘ரெண்டையும் ஃபார்மட் அடிச்சுப் புதுசா போடணும்’ என்றார்களாம்.

வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரைக்கும் எந்தக் கடைக்குப் போனாலும் எல்லா நோய்க்கும் ஃபார்மட்டே மருந்து. ஃபார்மட் அடிப்பது அரை மணி வேலை, யோசிக்கவே வேண்டாம், அதனால்தான். உள்ளே இருந்த கல்யாண ஃபோட்டோவும் பிராஜெக்ட் ரிப்போர்ட்டும் போனால் போனது நமக்குத்தானே.

நீங்கள் போட்ட படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது இது: கணினி தொடங்க உதவும் இஎஃப்ஐ 100 எம்பி, விண்டோஸின் ரிசர்வ்டு 16 எம்பி, சி டிரைவ் சுமார் 320 ஜிபி, காலியான 60 ஜிபி, விண்டோஸின் மீட்புக் கருவிகள் உள்ள ரிக்கவரி 750 எம்பி, உபுண்டு இருக்கும் 50 ஜிபி (இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறை), கடைசியில் டி டிரைவ் 46 ஜிபி. வில்லன் அந்த 750 எம்பி ரிக்கவரிதான். விண்டோஸ் தன்னைத்தானே நிறுவிக்கொள்ளும்போது சி-க்கு வலப்புறம் ஒட்டினாற்போல் அதை வைத்துவிடும். நம் பக்கம் நிலம் வாங்குகிறவர்களுக்கு இது சட்டெனப் புரியும். வாங்கிய மூன்று மா நிலம் நம் வயலை ஒட்டி இருந்தால் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் அடுத்தவருடைய அரை மா கிடந்தால் பத்திரம் கையில் இருக்கும், வயல் சேராது.

இங்கே முக்கால்வாசிப் பேர் சொல்லப்போகும் வழி: ரிக்கவரியை இடது பக்கம் தள்ளு, பிறகு உபுண்டுவை இடது பக்கம் நீட்டு. நடக்கும், தப்பில்லை. ஆனால் அதன் விலை தெரிந்து செய்யுங்கள். இஎக்ஸ்டி4 தன் பிளாக்குகளைப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணுகிறது. வலது வரப்பைத் தள்ளினால் கணக்குப் புத்தகத்தில் சில வரிகள் மாறும், சில நொடி வேலை. இடது வரப்பைத் தள்ளினால் தொடக்கமே மாறுகிறது. நட்ட நாற்றையெல்லாம் பிடுங்கி மறுபடி நடுகிற கதை. ஜிபார்ட்டட் உள்ளே இருக்கும் தரவு அத்தனையையும் புது இடத்துக்கு நகலெடுக்கும். எஸ்எஸ்டியில் சில நிமிடம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரே தட்டில் படித்து அதே தட்டில் எழுதும்போது நொடிக்கு 40 எம்பி கிடைத்தால் நல்லது; 200 ஜிபி தரவு என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் பாதி நாற்று இந்த வயலில், பாதி அந்த வயலில், கணக்கு இரண்டிலும் இல்லை.

கரண்ட் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தால் எட்டே முக்காலுக்கே போய்விடுகிறது. திரும்பி வரும் நேரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது வேறு பதிலாகிவிடும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஐப்பசி, கார்த்திகையில் பார்ட்டிஷன் வேலையே வேண்டாம் என்பது என் கட்சி. ‘லேப்டாப்பில்தான் பேட்டரி இருக்கிறதே’ என்பீர்கள். நாலு வருஷப் பேட்டரி 80 சதவீதம் என்று காட்டிவிட்டு அப்படியே அணைந்துபோவதையும் பார்க்கலாம். முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் அமைப்புக்கு இடது வரப்பைத் தொடாத வழி ஒன்று இருக்கிறது. உபுண்டுவுக்கு வலப்புறம் ஒட்டி இருப்பது டி டிரைவ். அந்த 46 ஜிபியை உபுண்டுவுக்குக் கொடுங்கள். காலியாகக் கிடக்கும் 60 ஜிபியில் புது டி வையுங்கள். இடம் மாற்று, அவ்வளவுதான்.

விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கறுப்புப் பட்டை மேல் வலது கிளிக், ‘நியூ சிம்பிள் வால்யூம்’, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை), ஏதாவது எழுத்து, ஜெட் என்றே வையுங்கள். பழைய டி-யில் உள்ளதையெல்லாம் அதற்குள் நகலெடுங்கள். மொத்த அளவை மட்டும் நம்பாமல், இரண்டு பக்கமும் உள்ளே இருப்பதையெல்லாம் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். முக்கியமானதை ஒரு பென்டிரைவிலும் போட்டுவிடுங்கள். பழைய டி-யின் எழுத்தைக் கழற்றிவிட்டு ஜெட்டுக்கு டி என்று பெயர் மாற்றுங்கள். அப்போதுதான் டி-யில் நிறுவிய நிரல்களின் ஷார்ட்கட் உடையாது. இரண்டு நாள் அப்படியே ஓட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பழைய டி-யை ‘டிலீட் வால்யூம்’ செய்யுங்கள். இப்போது உபுண்டுவுக்கு வலப்புறம் 46 ஜிபி காலி. ஜிபார்ட்டடில் வலது ஓரத்தைப் பிடித்துக் கடைசி வரை இழுத்து, பச்சை டிக்கை அழுத்துங்கள். இஎக்ஸ்டி4 பெரிதாவதற்கு லைவ் யுஎஸ்பி (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) கூடக் கட்டாயமில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே வளரும். சுருக்குவதென்றால்தான் அன்மவுன்ட் செய்தாக (பயன்பாட்டிலிருந்து கழற்றியாக) வேண்டும், அதற்கு லைவ் யுஎஸ்பி தேவை.

60 போய் 46 தானே கிடைத்தது என்றால், மீதி 14 புது டி-யில் இருக்கிறது, எங்கும் போகவில்லை. உபுண்டுவில் அந்த டி-யைத் தானாக மவுன்ட் ஆகும்படி எஃப்எஸ்டேப் என்ற பட்டியல் கோப்பில் எழுதியிருந்தால், யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) இப்போது வேறு. பிஎல்கேஐடி கட்டளையில் புதியதைப் பார்த்து மாற்றுங்கள், அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் பூட் ஆகும்போது 90 நொடி அதைத் தேடிவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். நீங்களும் ‘லினக்ஸ் போச்சு’ என்று கடைக்கு ஓடுவீர்கள். வெறும் அளவு மாற்றினாலோ நகர்த்தினாலோ யுயுஐடி மாறாது. அழித்து உருவாக்கினால் மாறும், ஸ்வாப்பும் (ராம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) அப்படித்தான். ‘பார்ட்டிஷன்கள் வட்டின் வரிசையில் இல்லை’ என்று எஃப்டிஸ்க் கட்டளை முனகினால் விட்டுவிடுங்கள். அதைச் சரிசெய்கிறேன் என்று எண்களை மாற்றினால்தான் தலைவலி.

ரிக்கவரியை நகர்த்தியே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு: (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்) முதலில் அட்மின் விண்டோவில் ‘ரீஏஜென்ட்சி ஸ்லாஷ் டிஸேபிள்’. அது மீட்புக் கோப்பைச் சி டிரைவுக்குள் எடுத்துவைத்துக்கொள்ளும். நகர்த்தி முடித்து விண்டோஸுக்குள் வந்ததும் ‘ஸ்லாஷ் எனேபிள்’, பிறகு ‘ஸ்லாஷ் இன்ஃபோ’ போட்டு ‘எனேபிள்ட்’ என்று வருகிறதா பாருங்கள். எதற்கு இந்த 750 எம்பி என்று அழித்துவிடாதீர்கள். 2024 ஜனவரியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று, ரிக்கவரியில் 250 எம்பி காலியிடம் இல்லாத கணினிகளில் எல்லாம் 0எக்ஸ்80070643 என்ற பிழையோடு தோற்றது. அதைச் சுருக்கி வைத்திருந்தவர்கள் பலர் பிழை எண்ணைத் தேடி அலைந்தார்கள்.

உங்களுக்கு 60 ஜிபி சுருங்கியது அதிர்ஷ்டம். பலருக்குச் சி டிரைவில் 200 ஜிபி காலி இருந்தும் ‘4 ஜிபிதான் சுருக்கலாம்’ என்று வரும். காலியிடத்தின் நடுவில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். எது என்று ஊகிக்க வேண்டாம். சுருக்க முயன்ற பிறகு ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன், 259 என்ற எண்ணுள்ள பதிவைத் திறந்தால் கோப்பின் பெயரோடு எழுதியிருக்கும். பேஜ்ஃபைல் என்றால் விர்ச்சுவல் மெமரியை ‘நோ பேஜிங் ஃபைல்’ ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப வையுங்கள். ஹைபர்ஃபில் (ஹைபர்நேட் கோப்பு) என்றால் ‘பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹெச் ஆஃப்’. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்றால் ரீஸ்டோர் பாயின்ட்களை அழித்து சிஸ்டம் புரொடெக்‌ஷனை நிறுத்துங்கள். எம்எஃப்டி (என்டிஎஃப்எஸ்ஸின் கோப்புப் பட்டியல்) என்று வந்தால் விண்டோஸுக்குள் இருந்துகொண்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை, லைவ் யுஎஸ்பியிலிருந்து ஜிபார்ட்டடில்தான் சுருக்க வேண்டும். விண்டோஸில் சுருக்கும்போது வரும் பெட்டி அளவை எம்பியில் கேட்கும். 60 ஜிபிக்கு 61440. 60000 என்று போட்டுவிட்டுக் குறைகிறது என்று கேட்பவர்கள் உண்டு.

அந்த ‘ஹெச் ஆஃப்’ எல்லாருக்குமே அவசியம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், ஷட்டவுன் கொடுத்தாலும் பாதித் தூக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ்ஸை ஜிபார்ட்டட் தொடாது, மஞ்சள் முக்கோணம் காட்டும். அதை மீறிக் கட்டாயப்படுத்தும் வழிகள் வீடியோக்களில் இருக்கின்றன, போகவேண்டாம். விண்டோஸுக்குத் திரும்பி முழுதாக அணையுங்கள். அப்படியும் முக்கோணம் போகவில்லை என்றால் ‘செக்டிஸ்க் (சிஹெச்கேடிஎஸ்கே) சி: ஸ்லாஷ் எஃப்’, இரண்டு முறை ரீஸ்டார்ட்.

ஜிபார்ட்டட் சி டிரைவைப் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) என்று காட்டினால் அங்கே சுருக்க முடியாது, விண்டோஸுக்குள் முடியும். நான் எதையும் ஆன் செய்யவில்லையே என்பீர்கள். விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் அதுவே டிவைஸ் என்க்ரிப்ஷனை ஆன் செய்துகொள்கிறது. வேலை தொடங்குமுன் 48 இலக்க ரிக்கவரி கீயை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துக் காகிதத்தில் எழுதுங்கள். அதே லேப்டாப்பில் நோட்பேடில் சேமித்துவைப்பது, பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைப்பதுதான்.

இதைப் படிக்கிற சிலரிடம் 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி இருக்கலாம், பாஸ் என்ற இந்திய லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்த காலத்தது. அந்தக் காலத்து மெஷின்களில் பார்ட்டிஷன் அட்டவணை பெரும்பாலும் புது வகையான ஜிபிடி இல்லை, பழைய எம்பிஆர்தான். பிரைமரி பார்ட்டிஷன் நாலுதான் உண்டு. லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்டென்டட் என்ற பெரிய வேலிக்குள் இருக்கும். முதலில் வெளி வேலியை நீட்டி, பிறகுதான் உள்ளே உள்ளதை நீட்ட முடியும். வேலி பூட்டுக் குறியோடு மறுத்தால் உள்ளே இருக்கும் ஸ்வாப்பை லைவ் யுஎஸ்பி பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. வலது கிளிக்கில் ‘ஸ்வாப்ஆஃப்’. விண்டோஸில் ஐந்தாவது பார்ட்டிஷன் உருவாக்கும்போது ‘டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா’ என்று பணிவாகக் கேட்கும். ‘நோ’ சொல்லுங்கள். ‘யெஸ்’ சொன்னால் அந்த வட்டில் லினக்ஸ் பூட் ஆவதே கேள்விக்குறி.

இந்தப் பழைய வகையில் பார்ட்டிஷன் எண் மாறியதும் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற கறுப்புத் திரை வரும் (எந்த இயங்குதளம் என்று மெனு காட்டும் பூட் நிரல்தான் கிரப்). பயம் வேண்டாம், தரவு எதுவும் போகவில்லை. ‘எல்எஸ்’ தட்டினால் பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும். ஒவ்வொன்றுக்கும் ‘எல்எஸ்’ போட்டு பூட் ஸ்லாஷ் கிரப் எதில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ‘செட் பிரிஃபிக்ஸ்’ஸில் அந்த இடத்தைக் கொடுங்கள். ‘இன்ஸ்மாட் நார்மல்’, அடுத்து ‘நார்மல்’. உள்ளே போனதும் ‘கிரப் இன்ஸ்டால்’ (வட்டின் பெயரோடு), ‘அப்டேட் கிரப்’ இரண்டையும் ஓட்டினால்தான் அடுத்த முறையும் பூட் ஆகும். மெனுவில் விண்டோஸ் காணவில்லை என்றால் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2021-ல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்படுகிறது. கிரப்பின் டிஃபால்ட் கோப்பில் ‘கிரப் டிஸேபிள் ஓஎஸ் புரோபர்’ வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்கி மறுபடி ‘அப்டேட் கிரப்’.

‘இந்தக் காலத்தில் எதுக்கு டூயல் பூட், விர்ச்சுவல் மெஷின் போதுமே’ என்று கீழே எழுதத் துடிப்பவர்களுக்கு: 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். ‘எக்ஸ்எஃப்எஸ் பற்றிச் சொல்லவில்லையே’ என்பவர்களுக்கு: அது லினக்ஸின் இன்னொரு கோப்பு முறை, பெரிதாகும், சுருங்காது, கேட்டவர் வைத்திருப்பது இஎக்ஸ்டி4.

ஒன்று விட்டுப்போனது. எதையும் அழுத்துமுன் வட்டு தன் உடல்நிலையைப் பதிவுசெய்யும் ஸ்மார்ட் விவரத்தை ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கொண்டு பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ‘கரன்ட் பென்டிங் செக்டர்’ (சரியாகப் படிக்க முடியாத இடங்கள்) பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அளவு மாற்றும் பேச்சையே எடுக்காமல் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். எல்லாம் மீறிப் பார்ட்டிஷனே காணாமல் போனால் அந்த வட்டில் ஒரு எழுத்துகூட எழுதாமல், ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச நிரலை லைவ் யுஎஸ்பியிலிருந்து ஓட்டுங்கள். தொலைந்த எல்லைகளை அது தேடிக் காட்டும். காட்டியதைக் குறித்துக்கொண்டு இங்கே போடுங்கள், ‘ரைட்’ கொடுக்குமுன் பார்த்துச் சொல்கிறேன்.