ட்ரையர் குழாய் போட கடைச் சொந்தக்காரர் மறுத்தால்?

கேள்வி: நுவரெலியாவில் வாடகைக் கடையில் லோன்றி நடத்துகிறேன். கெஸ்ட் ஹவுஸ்களின் விரிப்பு, துவாய் எல்லாம் எங்களிடம்தான் வரும். கேஸில் ஓடும் இரண்டு பெரிய ட்ரையர்கள் உண்டு. பொருத்தியவர் வெள்ளி நிற மடிப்புக் குழாயைப் பின்ஜன்னல் வழியாக வெளியே விட்டுப் போனார். ஆவியும் பஞ்சும் தங்கள் வீட்டுக்குள் வருவதாக மேல்மாடிக் குடும்பம் முறையிட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, 14 நாளில் சரிசெய்யும்படி எழுதிக் கொடுத்தார். சுவரில் துளை போடக் கடைச் சொந்தக்காரர் விடவே மாட்டேன் என்கிறார். 3 வருட ஒப்பந்தம் இருக்கிறது. வழக்கு வந்தால் யார் பொறுப்பு?

பதில்: சகோதரி, பொறுப்பு உங்களுடையதுதான். இயந்திரத்தை ஓட்டுவது நீங்கள். மேல்மாடிக் குடும்பத்தை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவர்கள் சொல்வது நியாயம்.

நீங்கள் அனுப்பிய படத்தை நன்றாகப் பார்த்தேன். குழாய் நடுவில் வயிறு போலத் தொங்குகிறது, ஜன்னல் சட்டமெல்லாம் தண்ணீர்த் துளி. நுவரெலியாக் குளிரில் சூடான ஈரக்காற்று குழாய்க்குள்ளேயே நீராகிவிடும். மடிப்பு மடிப்பான குழாயில் அந்த ஈரத்தோடு பஞ்சு ஒட்டி அடைத்துக்கொள்ளும். காற்று போக வழியில்லாமல் ட்ரையர் சூடேறினால், காய்ந்த பஞ்சு தீப்பற்ற ஒரு பொறி போதும். அதைவிட என்னைப் பயமுறுத்தியது ஜன்னல் இடைவெளியில் குளிருக்காகத் திணித்திருக்கும் சாக்கு. கேஸ் ட்ரையருக்கு உள்ளே வர நல்ல காற்று வேண்டும். அது இல்லாவிட்டால் கேஸ் சரியாக எரியாது, கார்பன் மொனொக்சைட் அறைக்குள்ளேயே தங்கும். அதற்கு மணமே இல்லை. சாக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஏதாவது நடந்தால், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்கப்படுவதும் உங்களிடம்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஒரு தொழில் சுற்றியிருப்பவர்களின் சுகத்தையும் வசதியையும் கெடுத்தால், அதை நிறுத்தும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஒரேயொரு வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று வாதாடலாம். ஆனால் அந்தக் குடும்பம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்க வழி திறந்தேதான் இருக்கிறது. பரிசோதகரின் கடிதம் அங்கே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். ஆகவே 14 நாளையும் வாதாடிக் கழிக்காதீர்கள்.

இனி அந்த ஒப்பந்தம். நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதியதா? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை அப்படித்தான் எழுத வேண்டும். கடுதாசியில் முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டதென்றால், 3 வருடம் என்று எழுதியிருந்தாலும் நீங்கள் மாத வாடகைக்காரர் மட்டுமே. அந்த நிலையில் சொந்தக்காரரைக் கேட்காமல் சுவரை உடைத்தால், கடையை விட்டு எழுப்ப நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். நொத்தாரிசு உறுதி இருந்தாலும் கட்டடத்தில் மாற்றம் செய்ய அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதே நேரம், லோன்றிக்கென்றே தெரிந்து கடையைக் கொடுத்தவர், அந்தத் தொழிலுக்குத் தேவையான வழியையே மறுப்பது சரியல்ல. இதைச் சொல்லிப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள், பரிசோதகரின் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து. வெளியேறும்போது சுவரைப் பழையபடி ஆக்கித் தருவதாகவும் எழுதுங்கள். பல சொந்தக்காரர்கள் அந்த ஒரு வரிக்கே இறங்கி வருவார்கள்.

அப்பவும் மறுத்தால் சுவரைத் தொட வேண்டாம். பின்ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றி, அந்த இடத்தில் தகடு பொருத்தி அதன் வழியே குழாயை விடலாம். இதற்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கழற்றிய கண்ணாடியைப் பத்திரமாக வையுங்கள்.

குழாய் உள்ளே வழுவழுப்பான உலோகமாக இருக்க வேண்டும். இணைப்பில் ஸ்குரூ முனை உள்ளே நீட்டக்கூடாது, அதில் பஞ்சு மாட்டும். வளைவுகளைக் குறையுங்கள். வெளிமுனையில் கம்பிவலை வேண்டாம், காற்றுத் தள்ளும்போது மட்டும் திறக்கும் மூடி போதும். முனை மேல்மாடி ஜன்னலை விட்டு விலகி இருக்கட்டும். விட்டம், நீளம் எவ்வளவு என்பது இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும். தகர வேலை பாஸிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிச் செய்யச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, பில்லோடு வையுங்கள்.

பொருத்தியவருக்கும் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். நட்டஈட்டு வழக்குகள் பலவற்றுக்கு 2 வருடம்தான் காலம், அதனால் தள்ளிப்போட வேண்டாம். மேல்மாடிக் குடும்பத்தோடு பேச்சு முறிந்தால் இணக்க சபைக்குப் போங்கள், ஆனால் அதற்கு முன் நீங்களே மேலே ஏறிப்போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

புதுக் குழாய் வரும்வரை ட்ரையர்களை ஓட்டாதீர்கள். கெஸ்ட் ஹவுஸ் வேலையை அந்தச் சில நாட்களுக்கு வேறு லோன்றியில் கொடுத்து வாங்குங்கள்.