பிழைப் படிவமும் திரும்பி வரும் மின்னஞ்சலும்

கேள்வி: கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். பிழைகளைத் தெரிவிக்க இணையதளத்தில் ஒரு படிவம் உண்டு. சில வாரங்களாக மார்த்தாண்டம், தக்கலை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல்கள் 550 என்ற எண்ணுடன் திரும்பி வருகின்றன. காரணம் என்ன? - வாசகர், நாகர்கோவில்.

பதில்: திரும்பி வந்த அஞ்சலை முழுமையாக வாசியுங்கள். 4-இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடையைக் குறிக்கும். 5-இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு. 550-ஐ அடுத்து 5.1.1 என்றிருந்தால் அந்த முகவரியே இல்லை, 5.7.1 என்றிருந்தால் உங்கள் அஞ்சலை ஏற்க மறுத்திருக்கிறார்கள். எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்வது), டிகேஐஎம் (அஞ்சலில் உள்ள மின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது) பதிவுகள் சரியாக உள்ளனவா என்றும் பாருங்கள்.

அவை சரியாக இருந்தால், என் சந்தேகம் படிவத்தின்மீதுதான். பிழையைத் தெரிவித்தவருக்கு, அவர் படிவத்தில் எழுதிய வாசகத்தையும் சேர்த்துத் தானியங்கி நன்றி மடல் போகிறதா? அப்படியானால், விளம்பரக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களின் முகவரிகளை இட்டு, வாசகப் பெட்டியில் தங்கள் இணைப்புகளை நிரப்பி, உங்கள் சர்வர் வழியாகவே குப்பை அஞ்சல் அனுப்பிவிடுவார்கள். பெறுபவர்கள் புகார் செய்யச் செய்ய, உங்கள் சர்வரின் ஐபி முகவரி (இணையத்தில் அதன் அடையாள எண்) குப்பை அஞ்சல் அனுப்புவோரின் தடைப்பட்டியலில் ஏறிவிடும்; அதைப் பார்த்து மற்ற சர்வர்கள் உங்கள் அஞ்சலை மறுக்கும். நன்றி சொல்லப் போய் வம்பை விலைக்கு வாங்கிய கதைதான்.

நன்றி மடலில் பயனர் எழுதிய எதையும் சேர்க்காதீர்கள். மடலே வேண்டாம், திரையில் ஒரு பதிவு எண்ணைக் காட்டினால் போதும் என்பது என் கருத்து. மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுக் கட்டத்தைப் படிவத்தில் வைத்து, அது நிரப்பப்பட்டு வரும் பதிவுகளைத் தள்ளிவிடுங்கள்; அதை நிரப்புவது தானியங்கி நிரல்களாகத்தான் இருக்கும். ஒரே ஐபியிலிருந்து மணிக்கு எத்தனை பதிவுகள் வரலாம் என்பதற்கும் வரம்பு வையுங்கள். இவற்றைச் செய்து முடித்த பிறகே தடைப்பட்டியலிலிருந்து நீக்குமாறு விண்ணப்பியுங்கள். ஓட்டையை அடைக்காமல் விண்ணப்பித்தால் மீண்டும் சேர்த்துவிடுவார்கள்.