கண்ணுக்குள் கட்டி: ரேடியேஷன் கேட்கவில்லையா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. கண்ணுக்குள் மெலனோமா (நிறமி செல்களில் வரும் புற்று) என்று சென்னையில் ருதேனியம் தகடு (கண்ணின் வெளிச்சுவரில் சில நாள் வைத்து எடுக்கும் கதிர்த் தகடு) வைத்தார்கள். ஐந்து மாதமாகியும் ஸ்கேனில் கட்டி கொஞ்சம்தான் சுருங்கியிருக்கிறது. தெரிந்தவர் வீட்டுக் குழந்தைக்குக் கண்புற்று சீக்கிரமே கரைந்துவிட்டது. மலையில் ஆக்சிஜன் குறைவு, அதனால்தான் ரேடியேஷன் கேட்கவில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: முதலில் அந்த ஆக்சிஜன் பயத்தை விடுங்கள். கதிர் செல்லின் டிஎன்ஏவை உடைக்க ஆக்சிஜன் உதவுகிறது என்பது சரிதான். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிர் தேவைப்படும். ஆனால் அந்தப் பற்றாக்குறை கட்டியின் நடுவே ரத்தம் சரியாக எட்டாததால் வருவது. ஊரின் உயரத்தால் அல்ல. அதோடு, கதிர் பாயும் நேரத்தில் இருக்கும் ஆக்சிஜன்தான் கணக்கு. தகடு கண்ணில் இருந்தபோது அம்மா சென்னையில் அல்லவா இருந்தார்!

குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்று. அதன் செல்கள் வேகமாகப் பெருகும், மருந்துக்கும் கதிருக்கும் வேகமாகவே அழியும். மெலனோமா வேறு ஜாதி. உடைந்த டிஎன்ஏவை அதன் செல்கள் நன்றாகவே பழுது பார்த்துக்கொள்ளும். கதிர் உண்டாக்கும், டிஎன்ஏவைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல் என்ற துகள்களில் ஒரு பங்கை மெலனின் நிறமி உறிஞ்சிவிடும். தாக்குப்பட்ட செல்லும் பல சமயம் உடனே சாகாது, அடுத்து பிளக்க முயலும்போதுதான் சாகும். அதனால் சுருங்க மாதங்கள், சில சமயம் வருடங்கள்கூட ஆகும். மிக வேகமாகச் சுருங்கும் மெலனோமாவைத்தான் நாங்கள் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம். அவற்றில் சில, உடலில் பரவும் ரகமாக இருக்கின்றன.

ஐந்து மாதத்தில் கொஞ்சம் சுருங்கியிருப்பது தோல்வி அல்ல. கட்டியின் தடிமன் கூடினாலோ ஓரம் படர்ந்தாலோதான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் எல்லாமே கதிரை எதிர்க்கும் கட்டி என்று சொல்ல முடியாது. ருதேனியத்தின் கதிர் சுமார் 5, 6 மில்லிமீட்டர் ஆழம் வரைதான் நன்றாக வேலை செய்யும். அதைவிடத் தடித்த கட்டியின் உச்சிக்குப் போதிய அளவு சேராது. தகடு சற்று விலகியிருந்தால் ஓரம் தப்பிவிடும். அயோடின் என்ற வேறு கதிர்ப் பொருளின் தகடு வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குள் சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான் கட்டி மறுபடி வளர்ந்தது. அப்படி வளர்ந்தால் மறுபடி தகடு வைக்கலாம், சிலருக்குக் கண்ணை எடுக்க வேண்டிவரும்.

மலைப்பாதையை நினைத்துக் கண் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பழைய அளவுகளைக் கையோடு கொண்டுபோங்கள். அப்புறம், இந்தப் புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் ஈரலுக்குத்தான் போகும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அம்மாவின் டாக்டரிடம் அடுத்த முறை கட்டாயம் கேளுங்கள்.