தேர்வு முடிந்த பிறகு என்ன எழுதச் சொல்வது? கவிதை, கட்டுரை: கேள்வி பதில்

முழு ஆண்டுத் தேர்வு நடக்கும்போதே இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஆசிரியர்கள், டியூஷன் எடுப்பவர்கள், பெற்றோர், மாணவர்கள் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிகளிலேயே தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: அம்மா, பாடமெல்லாம் முடிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சில நாட்கள் கிடைக்கின்றன. கட்டுரை எழுதச் சொன்னால் 'முன்னுரை' என்று போட்டு அடிக்கோடிட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். எழுதுகிறவர்களும் கையேட்டில் மனப்பாடம் செய்ததைத்தான் எழுதுகிறார்கள். எங்கே தொடங்குவது?

தலைப்பை மாற்றுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். 'கடலின் பயன்கள்' என்று தலைப்புக் கொடுத்தால், காசிமேட்டில் பிறந்த பையனும் "கடல் இயற்கை அன்னை மனிதனுக்கு அளித்த மாபெரும் கொடையாகும்" என்றுதான் தொடங்குவான். கடலை ஒருமுறைகூடப் பார்க்காதவனும் அதே வாக்கியத்தை எழுதுவான். அந்தத் தலைப்பு கேட்பதே அவ்வளவுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நம் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிவதும் அதே வேளையில்தான். 'தடைக்காலத்தில் எங்கள் வீடு' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். கொடுத்ததும் எழுதச் சொல்லாதீர்கள், முதலில் கேள்வி கேளுங்கள். இன்று காலை அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார்? கையில் என்ன இருந்தது? நீ என்ன செய்தாய்? அம்மா என்ன சொன்னார்கள்? வாயால் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். மேலே சொன்ன கடல் வாக்கியத்தோடு தொடங்கிய ஒரு மாணவன், இந்தக் கேள்விகளுக்குப் பிறகு எழுதிக் கொடுத்தது இது:

"தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருப்பார். காலையில் வலையைப் பரப்பிப் போட்டு எங்கே கிழிந்திருக்கிறது என்று தேடுவார். நான் ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பேன். பெரிய கிழிசல் என்றால் அப்பா பேச மாட்டார். சின்னக் கிழிசல் என்றால் பாட்டு வரும்."

ஐந்தே வாக்கியம். கடைசி இரண்டு வாக்கியங்களை எந்தக் கையேட்டிலும் தேடி எடுக்க முடியாது. தகவல்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்: மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் தடை, பாரம்பரிய நாட்டுப் படகுகளுக்கு விலக்கு உண்டு, அந்த நாட்களில் ஏலக்கூடத்தில் மீன் குறையும், விலை ஏறும். அப்பாவையும் வலையையும் எழுதி முடித்த பையன் இதையெல்லாம் தானே போய் விசாரித்து வருவான்.

வியாசர்பாடி, டியூஷன் சென்டர் நடத்தும் இளைஞர்: நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு அவர்கள் பத்தாம் வகுப்பு. தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் கட்டுரைக்கு 8 மதிப்பெண், 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்பதற்கு 5. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற சட்டத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருத்துகிறவருக்கு ஒரு தாளுக்குச் சில நிமிடங்கள்தான். உட்தலைப்பு இருந்தால் அவர் கண்ணுக்கு வேலை குறையும். சட்டத்தை ஜூனுக்குப் பிறகு ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். அதற்குள் வைக்கச் சரக்கு வேண்டுமே, அதற்குத்தான் இந்த நாட்கள். படத்தைக் காட்டி எழுதச் சொல்லும் அந்த 5 மதிப்பெண் கேள்வியையே பாருங்கள். எந்தப் படம் வந்தாலும் "இயற்கை அழகானது, அதைப் பேணுவோம்" என்று எழுதி வைத்துவிட்டு வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்! படத்தில் ஒரு கிழவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால் அதை எழுதுவதுதான் விடை.

கொடுங்கையூர், எட்டாம் வகுப்பு மாணவி: டீச்சர், தண்ணீர் லாரியைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறேன். ஆண்டுமலரில் போடலாமா?

*லாரி சத்தம் கேட்டதும்*
*தெருவே குடத்தோடு ஓடுகிறது*
*பாட்டி மட்டும் ஓடவில்லை*
*அவள் குடம் நேற்று இரவே*
*வரிசையில் நிற்கிறது*
*தண்ணீர் நமது உயிராகும்*
*தண்ணீரைக் காப்போம் தலைமுறை காப்போம்*

போடலாம் கண்ணு. கடைசி இரண்டு வரிகளை அடித்துவிட்டுப் போடு. அவை சுவரில் எழுதுகிற வாசகம், உன் கவிதைக்குத் தேவையில்லை. வரிசையில் நிற்கும் குடத்தோடு நீ நிறுத்திவிட்டால், மீதியைப் படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் கேட்பார்கள், "இதில் கருத்து எங்கே?" என்று. கேட்கட்டும்.

'தெருவே ஓடுகிறது' என்று பலர் எழுதுவார்கள். பாட்டி உன்னுடையவள். அவளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார். அத்தனை பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவில் தன் குடம் எது என்று அவளுக்கு எப்படித் தெரிகிறது? கழுத்தில் துணி கட்டியிருக்கிறாளா? பெயின்டில் எழுத்துப் போட்டிருக்கிறாளா? போய்ப் பார்த்துவிட்டு ஒரு வரி சேர். பார்க்காமல் சேர்க்காதே.

பெரம்பூரிலிருந்து ஒரு தந்தை: என் மகன் எழுதுவதைக் கவிதை என்கிறான். எதுகை இல்லை, மோனை இல்லை. வாக்கியத்தை உடைத்து உடைத்துப் போட்டால் கவிதையா? மரபு தெரியாமல் எழுதவிடலாமா?

உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் மரபை நாம் சொல்லிக்கொடுக்கிற விதம் அப்படி. யாப்பு என்றால் நேர், நிரை, வாய்பாடு என்று அட்டவணையாகக் கொட்டி, தேர்வுக்கு அலகிட்டுக் காட்டி, அதோடு மறந்துவிடுகிறார்கள். அதைக் காதுக்குக் கொண்டுவர வேண்டும்.

பிள்ளைக்குத் தெரிந்த குறளையே எடுங்கள். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக.' நேரசைக்கு (புள்ளி எழுத்தை விட்டால் ஓரெழுத்து) மேசையில் ஒரு தட்டு, நிரையசைக்கு (ஈரெழுத்து) இரண்டு தட்டு. கற்/க தேமா, கச/டறக் கருவிளம், கற்/பவை கூவிளம், கற்/றபின் கூவிளம், நிற்/க தேமா, அதற்/குத் புளிமா, கடைசியில் 'தக' மலர். இப்போது விதி இரண்டே வரி: மாச்சீர் (தேமா, புளிமா) வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், விளமும் (கூவிளம், கருவிளம்) காயும் (நேரில் முடியும் மூவசைச் சீர்) வந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். தட்டிக்கொண்டே குறளைச் சொல்லிப் பாருங்கள், விதி கையிலேயே தெரியும்.

பிறகு விளையாட்டு. நீங்கள் ஒரு சீர் சொல்லுங்கள், மகன் அடுத்ததைச் சொல்லட்டும். வகுப்பில் இப்படி 'காலைப்' என்று நான் தொடங்க, ஒரு பெண் 'படகு' என்றாள். இன்னொருத்தி 'கரையில்' என்றாள். மூன்றாவது பையன் 'நிற்கும்' என்றான். கரையில் என்பது புளிமா. அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும், நிற் என்பது நேர். தளை, அதாவது சீருக்கும் சீருக்கும் உள்ள கட்டு, தட்டுகிறது. பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு 'கிடக்கும்' என்றான். காலைப் படகு கரையில் கிடக்கும். தளையும் சரியாகிவிட்டது, தொழிலுக்குப் போகாத படகு கண்முன் வந்தும் விட்டது. யாப்பு சொல்லைத் தேட வைக்கும் என்று பாடம் நடத்துவதைவிட இது மேல்.

உங்கள் மகன் இப்போது எழுதுவதையும் தொடரட்டும். தட்டிப் பழகியவன் புதுக்கவிதையை எழுதினாலும் எங்கே வரியை முறிப்பது என்று அவன் காது சொல்லும்.

மூலக்கொத்தளம், ஒரு தாய்: என் பெண் போனில் கேட்டால் ஒரு நிமிடத்தில் கட்டுரை வந்துவிடுகிறது. அதையே பார்த்து எழுதிக் கொடுக்கிறாள்.

போனுக்குத் தெரியாததைக் கேளுங்கள். இன்று காலை உங்கள் தெருக் குழாயடியில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது எந்த போனுக்கும் தெரியாது.

எண்ணூரிலிருந்து ஒரு தந்தை: விடுமுறைப் பணியாக 'மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்' என்று கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். மகள் என்ன எழுதுவது என்று கேட்கிறாள்.

எனக்குக் கோபம் வருகிறது ஐயா. அனல் மின் நிலையத்துச் சாம்பலையும் முகத்துவாரத்தையும் பார்த்து வளர்கிற குழந்தைக்கு இந்தத் தலைப்புத்தானா கிடைத்தது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்ததே, அப்போது அவளுக்கு என்ன வயது? படகில், வலையில், அலையாத்திச் செடிகளில் கறுப்பாக ஒட்டியதை அவள் பார்த்திருப்பாள். பார்க்காவிட்டாலும் பக்கத்து வீட்டில் கேட்கலாம். கொடுத்த தலைப்பை மாற்ற வேண்டாம், ஆசிரியருக்கும் சங்கடம் வேண்டாம். முதல் பத்தியில் தன் வீட்டு வாசலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். துணி காயப்போடுகிற கொடி, ஆற்றுக்கு இறங்குகிற வழி, இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள். மரம் தானாக வந்து சேரும். ஆற்றோரத்து அலையாத்தியும் மரம்தானே.

தண்டையார்பேட்டை ஆசிரியை மீண்டும்: எழுத்துப் பிழைகளை என்ன செய்வது? ர, ற வேறுபாடே இல்லை. பேசுகிறபடியே எழுதுகிறார்கள்.

முதல் பிரதியில் சிவப்பு மை வேண்டாம். முதல் பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தால், அடுத்த முறை பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை வைத்து மட்டுமே எழுதும். வஞ்சிரம் என்று எழுதப் பயந்து மீன் என்று எழுதும். இரண்டாம் பிரதியில் திருத்துங்கள், அதுவும் திரும்பத் திரும்ப வருகிற இரண்டு மூன்று பிழைகளை மட்டும். பேச்சு வழக்கைப் பொறுத்தவரை, ஒருவர் பேசுவதை மேற்கோள் குறிக்குள் பேசுகிறபடியே எழுதட்டும். மற்றதெல்லாம் எழுத்துத் தமிழில். இதைச் சொல்லிவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே பிடிபட்டுவிடும்.

புளியந்தோப்பு, மாலை வகுப்பு எடுக்கும் மாணவி: என் வகுப்பில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள், தெலுங்கு பேசும் பிள்ளைகள், வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழில் கவிதை எழுதச் சொல்வது அவர்களுக்குக் கொடுமையாக இருக்காதா?

நான்கு பக்கக் கட்டுரை கேட்டால் கொடுமைதான். பட்டியல் கேளுங்கள். 'எங்கள் வீட்டில் கேட்கும் சத்தங்கள்', ஆறு வரி, ஒரு வரிக்கு ஒரு சத்தம். குக்கர், பாங்கு, சரக்கு ரயில், பாட்டியின் இருமல். முதலில் அவரவர் மொழியில் சொல்லட்டும், பக்கத்துப் பிள்ளை தமிழில் சொல்ல உதவட்டும். தமிழில் கிடைக்காத சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதட்டும். ஆறு சத்தமும் வரிசையாக வந்தபின், எந்தச் சத்தம் கடைசியில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். வரிசையை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது கவிதை செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

திருவொற்றியூர், பத்தாம் வகுப்பு எழுதி முடித்த மாணவன்: வடசென்னை என்றால் சண்டைதான் என்று நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் கவிஞர்கள் இருந்திருக்கிறார்களா?

உன் ஊரிலேயே தம்பி. கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி இருக்கிறதே, போயிருக்கிறாயா? வள்ளலார் சிறு வயதிலிருந்து நெடுங்காலம் வாழ்ந்த வீடு ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் தியாகராஜர் கோவிலுக்கு வந்து வழிபட்டுப் பாடியிருக்கிறார். விடுமுறையில் கட்டுரை எழுத ஆசை என்றால் இந்த இரண்டு இடத்துக்கும் போய் வா. வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தையும் பார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. வரலாற்றைக் கையேட்டில் படித்து எழுதாதே. அந்தத் தூண்களுக்குக் கீழே இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதிவிட்டு, ஆண்டைப் பிறகு சேர்.

காசிமேடு, ஆறாம் வகுப்பு ஆசிரியர்: பிள்ளைகள் எழுதியதை என்ன செய்வது? கட்டுரை ஏட்டோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது.

கையெழுத்து இதழ் போடுங்கள் ஐயா. அச்சகத்துக்குப் பணம் வேண்டாம். ஆளுக்கு ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், இடது ஓரத்தில் மூன்று விரற்கடை விட வேண்டும். விடாவிட்டால் தைக்கும்போது முதல் எழுத்துகள் உள்ளே போய்விடும். அட்டைக்குப் பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம். தைப்பதற்கு வலை நூல் உங்கள் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கும், தைக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். ஒரு பிரதி வகுப்பு நூலகத்துக்கு. நல்லவற்றை ஜெராக்ஸ் எடுத்து, பள்ளிக் கல்வித்துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் 'தேன்சிட்டு' இதழுக்குத் தலைமையாசிரியர் மூலம் அனுப்பிப் பாருங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு தாளின் அடியிலும் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் பெயர் எழுத மறந்திருப்பார்கள்.