வெல்டிங் ஜாக்கெட்டைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: வயது 32. துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் வெல்டர். லெதர் ஜாக்கெட்டுக்குள் மார்பு, முதுகெல்லாம் வேர்க்குரு, தொடை இடுக்கில் வட்டமாக அரிப்பு. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. வெயில் காலத்தில் மட்டும் வெறும் சட்டையோடு வேலை செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வெல்டிங் வெளிச்சத்தில் வரும் புற ஊதாக் கதிர் மெல்லிய சட்டையைத் தாண்டித் தோலைப் பொசுக்கும். சட்டை பாலியஸ்டராக இருந்தால் பொறி பட்ட இடத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அந்தப் புண் லேசில் ஆறாது.

ஆனால் உங்கள் அவஸ்தை எனக்குப் புரிகிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். லெதருக்குள் காற்றுப் போக வழியில்லாததால் அது வழிந்துகொண்டே இருக்கிறது, சூடு இறங்குவதில்லை. ஜாப் மேல் ஃபேனைத் திருப்பினால் வெல்டைக் காற்றுப் படாமல் காக்கும் கேஸ் கலைந்து வெல்டில் ஓட்டை விழும் என்று சூப்பர்வைசர் சத்தம் போடுவார், அதுவும் நியாயம்தான். அதனால் ஒவ்வொரு ஜாப் முடிந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஃபேன் முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மேஜை உயரத்தில் செய்யும் வேலைக்கு, முதுகு திறந்த ஏப்ரனும் கையை மூடும் லெதர் ஸ்லீவும் போதுமா என்று சேஃப்டி ஆபீசரிடம் கேளுங்கள். தலைக்கு மேல் வெல்டிங் என்றால் முழு ஜாக்கெட்தான்.

உள்ளே பருத்தி பனியன் போடுங்கள், மதியம் கட்டாயம் மாற்றுங்கள். கிளவுஸ் நனைந்தால் அதையும் மாற்றிவிட்டுத்தான் ராடு மாற்ற வேண்டும், ஈரம் இருந்தால் ஷாக் அடிக்கும்.

தொடை அரிப்பு படர்தாமரையாகத்தான் இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு ஒரு க்ரீம்’ என்று கேட்டு வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டவுடன் அரிப்பு அடங்கும், ஆனால் உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே போகும், பிறகு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிவரும். தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கால் பிடிப்பதற்கு, வியர்வையோடு உப்பும் போவது காரணமாக இருக்கலாம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், நடுவில் உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம். பிரஷர் இருந்தால் மட்டும் உப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

கூட வேலை செய்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்: வெக்கையில் யாராவது பேச்சுக் குழறித் தடுமாறினால் ஜாக்கெட்டை உடனே கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு சரியில்லாதபோது வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.